ஜிம்போச்சோவின் நிழல் பக்கம்

டோக்கியோவில் படம் வரைய இடத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தும் ஸ்கெட்ச் புத்தகத்தோடு நான் போய் நிற்பது ஜிம்போச்சோவில்தான். யசுகுனி சாலையின் தென்பக்கம் நெடுகப் பழைய புத்தகக் கடைகள். சந்துகளையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல் தேறும். சாலையோரக் கடைகள் பெரும்பாலும் வடக்குப் பார்த்தவை. வெயில் உள்ளே விழாததால் அட்டை வெளுப்பதில்லை, தாள் பழுப்பதில்லை. எனக்கும் அந்த நடைபாதைதான் தோது: வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்காது, வெளிச்சமும் சட்டென்று மாறாது.

இந்தக் கடைத்தெருவை உண்டாக்கியவர்கள் மாணவர்கள். 1880களில் இந்த வட்டாரத்தில் சட்டப் பள்ளிகள் அடுத்தடுத்துத் தோன்றின. இன்றைய மெய்ஜி, சுவோ, நிஹோன் பல்கலைக்கழகங்களெல்லாம் அந்த வழி வந்தவைதான். படித்து முடித்தவர் விற்றார், புதிதாகச் சேர்ந்தவர் வாங்கினார், நடுவில் கடைகள் முளைத்தன. அகராதிகளுக்குப் பேர்போன சான்செய்டோகூட 1881இல் பழைய புத்தகக் கடையாகப் பிறந்ததுதான்.

1913 பிப்ரவரியில் ஜிம்போச்சோ அடங்கிய கண்டா பகுதியையே பெருந்தீ விழுங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில், ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்த இவானாமி ஷிகேயோ இங்கே கடை திறந்தார். பேரம்தான் வழக்கம் என்றிருந்த தொழிலில், எழுதிய விலைக்குத்தான் விற்பேன் என்று நின்றார். மறு ஆண்டு நட்சுமே சோசெக்கியின் 'கொகொரோ' நாவல் அவர் கடையிலிருந்து வெளிவந்தது. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தோடு வந்த தீயில் தெரு மறுபடி சாம்பலானது. பல்கலைக்கழக நூலகங்களும் எரிந்துபோனதால் பழைய புத்தகங்களுக்குத் தேவை பெருகியது. இழந்ததை ஈடுகட்டத் தேடி அலைந்தவர்களால்தான் கடைகள் மறுபடி எழுந்தன. இந்தத் தெருவின் மேல் எனக்குள்ள மரியாதை அங்கிருந்து வருகிறது.

வரைவதற்கு எனக்குப் பிடித்தது யாகுச்சி ஷோட்டென். சினிமா, நாடகப் புத்தகங்களுக்கான கடை, 1918இல் தொடங்கியது. பக்கத்துச் சந்தில் வெளிச்சுவரிலேயே அலமாரி அடித்துப் புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள். முதுகெழுத்துகளை வரையவே கூடாது. ஒவ்வொன்றின் தடிமனையும் சாய்வையும் பிடித்தால் போதும், பார்ப்பவருக்குப் புத்தகமென்று தெரிந்துவிடும்.

பென்சில் தீர்ந்தால் அருகிலேயே பும்போடோ. 1887இல் தொடங்கிய ஓவியப் பொருள் கடை அது. 1922இல் கட்டிய கட்டடம் மறு ஆண்டு நிலநடுக்கத்தையும் தாங்கியது, அதன் முகப்பு இன்றும் நிற்கிறது.

ஒரு பழைய புத்தகக் கடையில் ஓவியர் ஹொகுசாயின் 'மாங்கா' தொகுதி ஒன்றை எனக்குப் புரட்டிக் காட்டினார்கள். 1814இல் தொடங்கிப் பதினைந்து தொகுதிகளாக வந்த வரிசை. வரையப் பழகுவோருக்கான மாதிரிப் புத்தகம். ஒருபக்கம் மட்டும் அச்சிட்டு இரண்டாக மடித்த மெல்லிய தாள், நூல் கோத்துத் தைத்த முதுகு. கறுப்பு, சாம்பல், வெளிர் சிவப்பு, அவ்வளவுதான் நிறம். அதற்குள் மல்லர்கள், பறவைகள், காற்றில் குடை பறக்கும் வழிப்போக்கர்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது பிடிபடாத கோட்டின் வேகம், தாளைத் தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

டோக்கியோ போகிறவர்கள் அக்டோபர் கடைசியில் போகப் பாருங்கள். 1960 முதல் நடந்துவரும் பழைய புத்தகத் திருவிழா அந்தச் சமயத்தில்தான், நடைபாதையெல்லாம் அலமாரிகள். கடைக்குள் வரைவதானால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு புத்தகமாவது வாங்குங்கள். வாங்குகிறவர்களால் பிழைத்த தெரு அது.