மூன்று நாள் கெடு: பேட்டர்சி நாய் இல்லத்தின் வரலாறு

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், ரயில் பாதைகளுக்கு நடுவே இருக்கிறது பேட்டர்சி இல்லம். 1860இல் தொடங்கியதிலிருந்து முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் அதற்குள் வந்திருக்கின்றன. பல புது வீடு கண்டன. ஏராளமானவை அங்கேயே உயிர்விட்டன. இதில் நாயின் குணத்துக்கு இருந்த பங்கு குறைவு. எந்தச் சட்டத்தின் காலத்தில் அது பிடிபட்டது, அதை எந்த இனம் என்று மனிதர்கள் நினைத்தார்கள் என்பவையே பெரும்பாலும் அதன் விதியைத் தீர்மானித்தன.

இல்லத்தைத் தொடங்கியவர் மேரி டீல்பி. ஏறக்குறைய அறுபது வயது. கணவரைப் பிரிந்து, பாதிரியாரான தம்பியோடு வடக்கு லண்டனில் வாழ்ந்தவர். தோழி ஒருவர் தெருவிலிருந்து எடுத்துவந்த, பட்டினியால் குற்றுயிராகக் கிடந்த நாயை அவர் பராமரித்தார். அது பிழைக்கவில்லை. அதன் பிறகு ஹாலோவே பகுதியில் ஒரு குதிரை லாயத்தைப் பிடித்து, 1860 அக்டோபரில் ‘காணாமற்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்’ என்ற பெயரில் திறந்தார். மனிதர்களே தெருவில் பட்டினி கிடந்த நகரம் அது. ‘டைம்ஸ்’ நாளிதழ் அந்த முயற்சியைக் கேலி செய்தது. ஏழைக்கு இரங்குவதும் நாய்க்கு இரங்குவதும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்ற எண்ணம் அந்தக் கேலிக்குள் இருந்தது. அது சரியான எண்ணம் அல்ல. இரண்டாண்டுக்குள் பதில் வந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழ், 1862 ஆகஸ்டில், இஸ்லிங்டனில் நடந்த ஆடம்பர நாய்க் கண்காட்சியையும் அதற்கு அருகே இருந்த டீல்பியின் இல்லத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதியது. ஒரு பக்கம் பரிசு வாங்கும் சாதி நாய்கள்; மறு பக்கம் யாருக்கும் வேண்டாத கலப்பு நாய்கள். அந்தக் கட்டுரையால் இல்லத்தின் பெயர் பரவியது. டீல்பி 1865இல் புற்றுநோயால் இறந்தார்.

1867இல் வந்த லண்டன் தெருச் சட்டம் இல்லத்தின் போக்கையே மாற்றியது. கேட்பாரற்றுத் திரியும் நாயைப் பிடிக்கும் அதிகாரம் காவலருக்குக் கிடைத்தது. மூன்று நாளுக்குள் உரிமையாளர் வராவிட்டால் அதை விற்கலாம், இல்லையென்றால் கொல்லலாம். பிடித்த நாய்களைக் காவலர்கள் ஒப்படைக்கும் இடமாக இல்லம் ஆனது. குரைப்பு தாளாமல் அக்கம்பக்கத்தார் முறையிட, 1871இல் அது பேட்டர்சிக்கு இடம்பெயர்ந்தது.

இரக்கத்தால் பிறந்த இடத்துக்கு இந்த மூன்று நாள் கெடு பெரும் சுமையாக இருந்தது. விலைபோகக்கூடிய நாய்கள் விற்கப்பட்டன. கிழடு தட்டியவையும் நோயுற்றவையும், பெரும்பாலான கலப்பு நாய்களும் கொல்லப்பட்டன. வெறிநோய் அச்சம் கிளம்பும்போதெல்லாம், வாய்க்கூடு இல்லாத நாய்கள் கூட்டம் கூட்டமாகப் பிடிபட்டன. மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் வடிவமைத்த வாயுக்கூடம் 1884இல் அங்கே நிறுவப்பட்டது. வலியில்லாமல் கொல்வதே அன்று எட்டக்கூடிய கருணையாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு விக்டோரியா அரசி இல்லத்தின் புரவலர் ஆனார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இல்லம் அசையாமல் நின்றது: ஆய்வுக்கூடங்களில் உயிரோடு அறுப்பதற்கு நாய்களை விற்க மறுத்தது. அந்த அறுவைக்கு எதிரான கோபம் பேட்டர்சியில் பொங்கிய காலம் அது. 1903இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறுக்கப்பட்ட ஒரு பழுப்பு நாய்க்கு 1906இல் அந்தப் பகுதிப் பூங்காவில் சிலையே வைத்தார்கள். அதே ஆண்டின் நாய்கள் சட்டம் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. காத்திருப்பு ஏழு நாளானது. பிடிபட்ட நாயை உயிரறுவைக்குக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. கூடுதலாகக் கிடைத்த அந்த நான்கு நாள் எத்தனையோ நாய்களுக்கு வாழ்நாளாக மாறியிருக்கும்.

முதல் உலகப்போரில், வேண்டாதவை எனப்பட்ட நாய்களுக்கு எதிர்பாராத தேவை எழுந்தது. போர்முனையில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோகும்போது செய்தி கொண்டுசெல்ல, எட்வின் ரிச்சர்ட்சன் என்ற ராணுவ அதிகாரி நாய்களைப் பழக்கினார். 1917இல் ஷூபரினெஸில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்கு முதலில் நாய்கள் வந்தது பேட்டர்சியிலிருந்துதான். சில நாட்களில் செத்திருக்க வேண்டிய தெருநாய்கள் குண்டுமழைக்கு நடுவே வழிதவறாமல் ஓடின. இனத்தை வைத்து நாயை எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாம் உலகப்போரின் தொடக்கம் கொடூரமானது. 1939 செப்டம்பரில், குண்டு வீசப்படும் முன்பே, லண்டன்வாசிகள் தங்கள் செல்லப்பிராணிகளைக் கொல்வதற்கு வரிசையில் நின்றார்கள். அந்த முதல் வாரத்தில் மட்டும் சுமார் 4,00,000 நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் கணக்கிடுகிறார். அந்த நாட்களிலும், ஆட்கள் குறைந்த நிலையிலும், பேட்டர்சி இல்லம் மூடாமல் இயங்கியது.

போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் இல்லத்தின் வேலையின் தன்மை மாறியது. பணம் கொடுத்தவர் கையில் கயிற்றைக் கொடுத்தனுப்பும் வழக்கம் போய், நாயின் இயல்பையும் குடும்பத்தின் சூழலையும் பொருத்திப் பார்க்கும் முறை வந்தது. கூண்டில் நெடுநாள் இருந்து வாடும் நாய்களைத் தற்காலிகமாகச் சில வீடுகளில் தங்கவைக்கிறார்கள். நெரிசலான கொட்டிலில் ஓயாமல் குரைத்து ஆட்களை விரட்டிய நாய், வீட்டுக் கூடத்தில் சாதுவாகப் படுத்திருப்பது அடிக்கடி நடப்பது. 2012இல் தொடங்கிய, தொகுப்பாளர் பால் ஓ’கிரேடியின் தொலைக்காட்சித் தொடர், யாரும் நின்று பார்க்காத நாய்களை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. அவரே அங்கிருந்து நாய்களைத் தத்தெடுத்தார். கமிலா, இன்றைய அரசி, தத்தெடுத்த இரண்டு டெரியர்களும் பேட்டர்சியில் இருந்தவையே.

இன்று அங்கே எளிதில் வீடு கிடைக்காதவற்றுள் ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர் வகை முக்கியமானது. முரட்டு நாய் என்ற பெயரே அதற்குப் பெரிய தடை. வேறு சில இனங்களுக்குத் தடை சட்டத்திலேயே இருக்கிறது. 1991இன் ஆபத்தான நாய்கள் சட்டம் பிட் புல் டெரியர் உள்ளிட்ட நான்கு வகைகளைத் தடைசெய்தது. அந்த வகை என முடிவான நாய் எவ்வளவு சாந்தமானதாக இருந்தாலும், காப்பகம் அதைப் புதியவருக்குத் தத்துக் கொடுக்க முடியாது. இனத்தைவிட வளர்ப்பே நாயின் நடத்தையை உருவாக்குகிறது என்று பேட்டர்சி 2016இல் அறிக்கை வெளியிட்டு, சட்டத்தை மாற்றக் கோரியது. மாறவில்லை. எக்ஸ்எல் புல்லி வகையும் பட்டியலில் சேர்க்கப்பட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 டிசம்பர் 31 முதல் அவற்றைத் தத்துக் கொடுப்பது சட்டவிரோதமானது.