ஸ்டியரிங் இறுக்கத்தின் பூர்வீகம்

ஸ்டியரிங் இறுகினால் உடனே பம்பின் மேல்தான் பழி விழும். பவர் ஸ்டியரிங் பிறந்த கதையோ வேறு பக்கம் கைகாட்டுகிறது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கைக் காரில் ஓட்டிக் காட்டினார். அது விற்பனைக் காருக்கு வந்தது 1951-இல், கிறைஸ்லர் இம்பீரியலில். அவர் வடிவமைப்பின் அழகே தனி: வண்டி நேராகப் போகும்போது எண்ணெய் தடையின்றிச் சுற்றும், கை திருப்பும்போதுதான் வால்வு அழுத்தத்தை ஏற்றும். பழைய தண்டும் மூட்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன; எண்ணெய் அவற்றுக்குத் துணையாக வந்தது.

ஆகவே இறுக்கத்தை அந்தப் பழைய உறுப்புகளிலும் தேட வேண்டும். எண்ணெய் அளவு பார்ப்பது சுலபம், அதை முதலில் பார்த்தால் என்ன என்பார்கள். பார்க்கலாம், தவறில்லை, ஆனால் பம்பைக் கழற்றுமுன் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பூட்டு விழாதபடி சாவியை வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால், தண்டிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருவேறியிருக்க வாய்ப்பு அதிகம். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேராகாவிட்டால் பால் ஜாயின்டையும் ஸ்ட்ரட் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பம்பு தளர்ந்தால் பெரும்பாலும் இருபுறமும் ஒரேபோல் கனக்கும். எண்ணெயே இல்லாத மின்மோட்டார் ஸ்டியரிங்குக்கு இது பொருந்துமா? பொருந்தும், அதன் கீழும் இதே மூட்டுகள்தான் இருக்கின்றன.