பிழை மனிதரிடமா, விதியிலா?

இரண்டு வினாக்கள் தருகிறோம். தாளும் பென்சிலும் வேண்டா. மனத்தில் தோன்றும் விடைகளை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வினா: 5 இலட்சம் டாலர் உறுதியாகக் கிடைக்கும். அது வேண்டாமெனில் ஒரு குலுக்கலில் கலந்துகொள்ளலாம். அதில் 25 இலட்சம் கிடைக்க நூற்றுக்கு 10 வாய்ப்பு. 5 இலட்சம் கிடைக்க 89. ஒன்றுமே கிடைக்காமற்போக 1. எதை ஏற்பீர்கள்?

இரண்டாம் வினா: ஒரு குலுக்கலில் 5 இலட்சம் கிடைக்க நூற்றுக்கு 11 வாய்ப்பு. மற்றொன்றில் 25 இலட்சம் கிடைக்க 10 வாய்ப்பு. மீதி வாய்ப்புகளில் வெறுங்கைதான். இப்போது எது?

முன்னதில் உறுதியான பணத்தையும் பின்னதில் 25 இலட்சத்தையும் தேர்ந்தீர்களா? அப்படியாயின் உங்களுக்குப் பெரிய துணை ஒன்று உண்டு. 1952 மே மாதம் பாரிசில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதனையொட்டிப் பிரெஞ்சுப் பொருளியலறிஞர் மோரிஸ் அலே இத்தகைய வினாக்களை எழுப்பினார். அமெரிக்கப் புள்ளியியலறிஞர் லெனர்ட் சேவேஜும் உங்களைப் போலவே விடையளித்தார். வேடிக்கை என்னவெனில், அவ்விடை பகுத்தறிவுக்கு முரணானது என்று கூறும் கோட்பாட்டை அப்போது உருவாக்கி வந்தவரே அவர்தாம்!

முரண் எங்கே? 1 முதல் 100 வரை எண்ணிட்ட சீட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். 12 முதல் 100 வரையுள்ள சீட்டுகள், முதல் வினாவில் எதைத் தேர்ந்தாலும் 5 இலட்சம் தருகின்றன. இரண்டாம் வினாவில் எதைத் தேர்ந்தாலும் அவை எதுவும் தருவதில்லை. ஆகவே அவற்றை ஒதுக்கிவிடலாம். எஞ்சிய 11 சீட்டுகளில் இரு வினாக்களும் ஒன்றே: பதினொன்றுக்கும் 5 இலட்சமா, அல்லது முதற் சீட்டுக்கு ஒன்றுமின்றி மற்றப் பத்துக்கும் 25 இலட்சமா? ஒரே வினாவுக்கு இரு வேறு விடைகள் எப்படிப் பொருந்தும்?

சேவேஜ் தம் கோட்பாட்டை மாற்றவில்லை. தம் விடையை மாற்றினார். 1954இல் வெளிவந்த தம் நூலில் இச்சீட்டுக் கணக்கை விளக்கி, இரண்டாம் விடையைத் திருத்தியதன் மூலம் ஒரு பிழையைக் களைந்ததாகவே எழுதினார். தருக்க விதிகளைப் போலவே இவ்விதிகளும் நம் முடிவுகளைக் கண்காணிக்க வேண்டியவை என்பது அவர் கருத்து.

அலே இதை ஏற்கவில்லை. பகுத்தறிவுடையோர் எனப் பிற காரணங்களால் நாம் மதிப்போர் ஆய்ந்து செய்யும் தேர்வு ஒரு விதியை மீறுமானால், ஐயுறத்தக்கது விதியே என்றார். உறுதிக்கெனத் தனி மதிப்பு உண்டு. முதல் வினாவில் முதற் சீட்டை எடுத்தவன் கைக்கு வந்த செல்வத்தை இழந்தவன். இரண்டாம் வினாவில் தோற்றவனோ பெரும்பாலும் தோற்கவே இருந்தவன்.

கூட்டலில் பிழை செய்த மாணவனிடம் அதைச் சுட்டிக்காட்டினால், உடனே அழித்துத் திருத்துவான். இங்கு அவ்வாறு நிகழ்வதில்லை. 1974இல் பால் ஸ்லோவிக், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர்கள் இரு தரப்பு வாதங்களையும் படிக்கக் கொடுத்துப் பார்த்தனர். விதியை மீறியவர்களில் பெரும்பாலோர் தம் விடையை விட்டுக்கொடுக்கவில்லை. எனவே கூட்டலோடு இதை ஒப்பிடுவது பொருந்தாது என்றே தோன்றுகிறது.

இது சூதாட்டப் பேச்சு மட்டுமன்று. உறுதியான சில ஆண்டு வாழ்வா, ஆபத்தான அறுவையால் கிடைக்கக்கூடிய நீண்ட வாழ்வா எனத் தேரவேண்டிய நோயாளியை நினையுங்கள். அவர் உறுதியை நாடினால், “உங்கள் தேர்வுகள் முரணானவை” என்று திருத்த மருத்துவருக்கு உரிமை உண்டா?

1979இல் டேனியல் கானெமனும் ட்வெர்ஸ்கியும் மனிதர் உண்மையில் எவ்வாறு தேர்கின்றனர் என்பதை விவரிக்கத் தனிக் கோட்பாடே வகுத்தனர். ஆனால் எவ்வாறு தேரவேண்டும் என்பதில் பழைய விதியைக் கைவிடவில்லை. அலேயின் பக்கம் நிற்போரும் உளர். 2013இல் லாரா பூச்சக் என்னும் மெய்யியலறிஞர், அத்தகைய விடைகளும் பகுத்தறிவுக்கு உகந்தவையே என ஒரு நூல் முழுதும் வாதிட்டார். 2005இல் நிக்கோ கோலோட்னி இன்னும் ஆழத்தில் கை வைத்தார்: நம் எண்ணங்கள் ஒன்றோடொன்று முரணாதிருக்க வேண்டும் என்பதற்கே நமக்குக் காரணம் உண்டா?

சேவேஜின் திருத்தத்தையே பாருங்கள். இரு விடைகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதே விதி; எதை மாற்றுவது என அது கூறுவதில்லை. உறுதியான 5 இலட்சத்தைக் கைவிட்டு, முதல் விடையை மாற்றியிருந்தாலும் விதி நிறைவேறியிருக்கும். அவர் மாற்றியது இரண்டாவதை.