கிறிஸ்து பிறப்பு விழாவும் குழந்தைகள் இல்லங்களும்

மார்கழித் திங்கள் பிறந்ததும் மைசூர்ப் பகுதித் தமிழர் வீடுகளின் முற்றங்களில் கோலங்கள் பெரிதாகின்றன. அதே திங்களில், ஹனூர் வட்டத்துத் தமிழ்ச் சிற்றூர்களில் வாயில்தோறும் தாளால் செய்த விண்மீன்கள் ஒளிவிடுகின்றன. கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஹனூர், இன்றளவும் ரயில் பாதை எட்டாத ஊர். 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமையும் வரையில் இப்பகுதி சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் மைசூர் மாவட்டத்தினின்றும் பிரிந்தபோது, அம்மாவட்டத்தின் பகுதியாயிற்று. எல்லை மாறினும் அங்குள்ள தமிழ்க் குடிகள் தம் மொழியையும் விழாக்களையும் விடாது போற்றி வருகின்றனர். மார்டள்ளி போன்ற ஊர்களில் தமிழ்க் கத்தோலிக்கர் பெருந்தொகையினராக வாழ்வதை நம் அன்பர்கள் அறிவர்.

டிசம்பர் வந்தால் குழந்தைகள் இல்லங்களை நாடிச் செல்வது நம்மவரிடையே நல்வழக்கமாக வளர்ந்துள்ளது. புத்தாடையும் இனிப்பும் கொண்டு செல்கிறோம், பிள்ளைகள் பாடுகின்றனர், நாம் கைதட்டுகிறோம். நாம் கொடுப்பவர், அவர்கள் பெறுபவர் என்ற எண்ணம் நம்மை அறியாமலே நம்முள் படிந்துவிடுகிறது. வரலாற்றைப் புரட்டினால் செய்தி வேறாக இருக்கிறது. இன்று உலகோர் கொண்டாடும் கிறிஸ்து பிறப்பு விழா மரபுகளுள் சில, பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் வாழ்ந்த இல்லங்களிலேயே தோன்றியவை.

ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகருக்கு அருகே, 1833-ஆம் ஆண்டு, யோகான் விகர்ன் என்னும் இளைஞர் பழைய குடியானவர் வீடொன்றில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். பிள்ளைகளைப் பெருங்கூட்டமாக ஒரே கூடத்தில் அடைக்காமல், குடும்பம் போன்ற சிறு சிறு குழுக்களாக வாழச் செய்தார். டிசம்பர் வந்ததும் அப்பிள்ளைகள், “திருநாள் எப்போது, எப்போது?” என்று நாள்தோறும் நச்சரித்தனராம். அதற்கு விடையாக 1839-இல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்கென 20 சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும், ஞாயிற்றுக்கிழமைகளுக்கென 4 பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் அதில் பொருத்தி வைத்தார். நாளுக்கொன்றாக ஏற்ற ஏற்ற, எண்ணத் தெரியாத குழந்தையும் திருநாள் நெருங்குவதைக் கண்ணாற் கண்டது. பிற்காலத்தில் அச்சக்கரம் பசுந்தழை சூடிய வளையமாகி, மெழுகுவத்தி நான்காகக் குறைந்து, சபை வேறுபாடின்றித் திருவருகைக் காலத்தில் தேவாலயந்தோறும் இடம்பெறலாயிற்று.

தாள் விண்மீனுக்கும் இத்தகைய பிறப்புண்டு. மொராவிய சபையார் நீஸ்கி என்னும் ஜெர்மானிய ஊரில் விடுதிப் பள்ளியொன்றை நடத்தினர். பெற்றோர் சமயப் பணியாற்றத் தொலைநாடுகளுக்குச் சென்றிருக்க, பிள்ளைகள் அத்தகைய விடுதிகளில் தங்கிப் பயின்றனர். 1830-களில் வடிவக்கணிதப் பாடத்தின் பயிற்சியாக அங்கே செய்யப்பட்ட பலமுனை விண்மீன், காலப்போக்கில் விழாவின் அடையாளமாயிற்று. தாய் தந்தையரைக் கடலுக்கு அப்பால் வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டிய தாள் அது என்பதை நினைக்கும்போது, நம் தெரு விண்மீனையும் நாம் வேறு கண்ணால் பார்க்கிறோம்.

இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர் 1739-இல் அரச பட்டயம் பெற்று ஓர் இல்லம் நிறுவினார். குழந்தையை ஒப்படைத்த தாயர், பின்னொரு நாள் அடையாளம் காட்டி மீட்டுக்கொள்ளும் நம்பிக்கையில், துணித் துண்டு போன்ற சிறு பொருளொன்றை விட்டுச் சென்றனர். அவ்வில்லத்தின் நலனுக்காக இசைப்புலவர் ஹாண்டல் 1750-இல் தம் ‘மெசையா’ என்னும் இசைநூலை அங்கே அரங்கேற்றினார்; அதன் படி ஒன்றைத் தம் விருப்ப ஆவணத்திலும் அவ்வில்லத்துக்கே எழுதிவைத்தார். இன்று டிசம்பர் தோறும் பல நாடுகளில் பாடப்படும் அவ்விசை நிலைபெற்றதில் அக்குழந்தைகள் இல்லத்துக்கும் பங்குண்டு.

ஹாண்டல் பிறந்த ஹாலே நகரம் தமிழருக்கும் உறவுடையது. அந்நகரில் பிராங்கே என்பார் 1695-இல் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1698-இல் அநாதை இல்லத்துக்குப் பெருங்கட்டடம் எழுப்பத் தொடங்கினார். ஹாலேயில் பயின்ற சீகன்பால்க் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்திறங்கி, தமிழ் கற்று, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் அமைத்தார். அநாதை இல்லத்தின் வாயில் வழியாகவும் தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கும் வளம் வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நம் காலத்துக்கு அணித்தாயுள்ளது நெல்லைச் சீமையின் டோனாவூர். அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் முதலில் வந்து தங்கியது நம் பெங்களூரிலேயே. அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பகுதிக்குச் சென்ற அவரிடம், 1901-ஆம் ஆண்டு மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து வளர்ந்ததே டோனாவூர் இல்லம். அங்கே ஒரு வழக்கம் நிலவியது. பல குழந்தைகளுக்குப் பிறந்த நாள் எதுவென்று தெரியாதாகையால், அவர்கள் இல்லத்துக்கு ‘வந்த நாள்’ பிறந்த நாள்போலக் கொண்டாடப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான திருநாளோடு, தனக்கென்று ஒரு நாளும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைத்தது. 1951-இல் மறைந்த அம்மையாரின் கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. பறவைகள் நீருண்ணும் தொட்டியும் ‘அம்மா’ என்னும் சொல்லுமே உள்ளன.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? இல்லக் குழந்தைக்கு விழா என்பது ஒரு வேளை விருந்தன்று. காத்திருப்பதற்கு ஒரு நாளும், தன் கையாற் செய்ய ஒரு பொருளும், தன்னை எண்ணும் ஒருவரும் உண்டு என்னும் உறுதியே அது. விகர்ன் ஏற்றியது 24 நாளைய நம்பிக்கை. நாமோ ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்புகிறோம். ஜனவரியில் அவ்வாயில்களில் காலடி ஓசை குறைந்துவிடுகிறது.

இல்லங்களில் வாழ்வோர் அனைவரும் பெற்றோரற்றவர் அல்லர். வறுமையாலும் குடும்பச் சிதைவாலும் வந்தவர் பலர். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இத்தகைய இல்லங்கள் பதிவுபெற வேண்டுமென்று விதிக்கிறது. இயன்றவரை குழந்தையை அதன் குடும்பத்தோடு சேர்ப்பதையே குறிக்கோளாகக் கொள்கிறது. அக்குழந்தைகளை இன்னாரென்று காட்டும் படங்களையும் விவரங்களையும் செய்தித் தாள்களிலும் பிற ஊடகங்களிலும் வெளியிடுவதையும் தடுக்கிறது. இனிப்புப் பொட்டலத்தை நீட்டியபடி படமெடுத்து ஊரறியப் பரப்பும் நம் பழக்கம் சட்டத்துக்கும் புறம்பு. குழந்தையின் மானத்துக்கும் இழுக்கு.

ஆகவே நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம். டிசம்பரில் ஒருமுறை செல்வோர், பள்ளி திறக்கும் காலத்தில் மறுமுறையும் செல்க. கடை விண்மீனை வாங்கிச் செல்வதினும், தாளும் பசையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு அமர்ந்து செய்க. அவ்வேளையில் கன்னடப் பள்ளியில் பயிலும் தமிழ்ப் பிள்ளைக்கு நாலு தமிழ்ப் பாட்டும் சொல்லிக்கொடுக்கலாம். இல்லத்தார் இசைந்தால், ஒரு குழந்தையின் ‘வந்த நாளை’க் கேட்டறிந்து, ஆண்டுதோறும் மறவாது வாழ்த்துக.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு, வந்த இடத்தில் நம்மை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதன் அருமை தெரியும். அவ்வருமையை அக்குழந்தைகளும் பெறுக.