குறிப்பேடும் கணினியும்

கற்றவை அனைத்தையும் நெஞ்சில் நிறுத்துதல் எவர்க்கும் இயலாது. ஆகவே எழுதி வைக்கும் பழக்கம் தோன்றிற்று. எழுதி வைத்தல் எளிது. எழுதியதை வேண்டும் வேளையில் தேடி எடுத்தலே அரிது. இவ்வருமையைப் போக்கவே ஏடு, சீட்டு, பெட்டி, கணினி எனக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று ஒருவர் தம் குறிப்புகள், முகவரிகள், நாட்குறிப்பு, செய்யவேண்டிய பணிகள் ஆகியவற்றைப் பேணுவதற்கு எண்ணிறந்த மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் எதனைத் தேர்வது என்னும் வினாவிற்கு விளம்பரங்களைக் காட்டிலும் வரலாறே தெளிவான விடை பகர்கின்றது.

ஏடும் சீட்டும்

ஆங்கில மெய்யியல் அறிஞர் ஜான் லாக், தாம் பல்லாண்டு கையாண்ட குறிப்பேட்டு முறையினை 1686-இல் பிரெஞ்சு மொழி இதழொன்றில் வெளியிட்டார். அவர் மறைந்து ஈராண்டு கழித்து, 1706-இல், அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஏட்டின் தொடக்கத்தில் இரண்டே பக்கங்களில் ஓர் அட்டவணை; ஒவ்வோர் எழுத்தின் எதிரிலும் ஐந்து உயிரெழுத்துகளுக்கு ஐந்து கட்டங்கள். தலைப்பின் முதலெழுத்தையும், அதனைத் தொடரும் முதல் உயிரெழுத்தையும் கொண்டு உரிய கட்டத்தைக் கண்டு, அங்கே பக்க எண்ணைக் குறித்தால் போதும். எத்தலைப்புக்கு எத்தனை பக்கம் ஒதுக்குவது என்று முன்னரே கணக்கிடும் தொல்லை நீங்கிற்று. பின்னாளில் இவ்வட்டவணையை அச்சிட்ட வெற்றேடுகளைப் புத்தக வணிகர் விற்றனர். ஆயினும் அம்முறை வணிகர்க்கு மட்டும் உரியதாகிவிடவில்லை. கோடிடத் தெரிந்த எவரும் அதனைத் தாமே அமைத்துக்கொள்ள முடிந்தது.

ஏட்டில் எழுதியதை இடம் மாற்ற இயலாது, சீட்டை மாற்றலாம். இருபதாம் நூற்றாண்டில் இம்முறையை உச்சிக்குக் கொண்டு சென்றவர் செருமானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமன் (1927–1998). அவர் எழுதிச் சேர்த்த சீட்டுகள் ஏறத்தாழ 90,000. ஒவ்வொரு சீட்டுக்கும் நிலையான ஓர் எண். ஒரு சீட்டிலிருந்து மற்றொன்றைச் சுட்ட அவ்வெண்ணே துணை. அவர் மறைந்தபின், 2011-இல், பீலெஃபெல்டு பல்கலைக்கழகம் அப்பெட்டிகளைப் பெற்றது. ஆய்வாளர்க்குச் செருமானிய மொழியறிவும் பொறுமையும் வேண்டியிருந்தன. சீட்டைத் திறப்பதற்கென்று தனிக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கணினியின் வருகை

அமெரிக்கப் பொறியியலறிஞர் வன்னேவர் புஷ் 1945-இல் எழுதிய கட்டுரையொன்றில் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனைக் கருவியை விவரித்தார். ஒருவருடைய நூல்களும் கடிதங்களும் குறிப்புகளும் நுண்படச் சுருளாக ஒரு மேசைக்குள் அடங்கும். ஒன்றோடொன்றைப் பிணைத்துத் தடம் அமைக்கலாம் என்றார். அம்மேசை செய்யப்படவே இல்லை. ஆயினும் அக்கனவு கணினியாளர் உள்ளத்தில் வேரூன்றிற்று.

1988-இல் லோட்டஸ் நிறுவனம் 'அஜெண்டா' என்னும் மென்பொருளை வெளியிட்டது. மிட்ச் கபோர் அதனை உருவாக்கியோருள் ஒருவர். கட்டம் நிரப்பும் கட்டாயமின்றி மனத்தில் தோன்றியதை அப்படியே எழுதலாம். சொற்களை நோக்கி மென்பொருளே அதனை வகைப்படுத்தும். ஒரே குறிப்பு பல வகைகளின் கீழும் தோன்றும். பயன்படுத்தியோர் அதனைப் பெரிதும் போற்றினர். ஆனால் காலம் டாஸ் இயக்குதளத்திலிருந்து விண்டோசுக்கு மாறியது; அஜெண்டாவின் விண்டோஸ் பதிப்பு வெளிவரவில்லை. அதனை விட்டுப் பிரிய மனமில்லாதோர் புதிய கணினிக்குள் பழைய டாஸ் சூழலைச் செயற்கையாக அமைத்து அதனை இயக்கி வந்தனர்.

கபோர் மீண்டும் முயன்றார். 'சாண்ட்லர்' என்ற பெயரில், மூலநிரல் எவர்க்கும் திறந்திருக்கும் மென்பொருளொன்றை உருவாக்க ஓர் அமைப்பை நிறுவினார். பல்லாண்டு உழைப்பின் பின் 2008-இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. ஆயினும் அது பரவலாக வேரூன்றவில்லை. கையடக்கக் கருவிகளின் கதையும் வேறன்று. நாட்குறிப்பு, முகவரி, பணிப்பட்டியல், குறிப்பு ஆகிய நான்கையும் சட்டைப்பைக்குள் அடக்கிய 'பாம் பைலட்' 1996-இல் வந்து பெரும் வெற்றி கண்டது. 2010-இல் பாம் நிறுவனத்தை எச்.பி. வாங்கியது, அடுத்த ஆண்டே அக்கருவிகளின் உற்பத்தியைக் கைவிட்டது. திறமைக் குறைவால் மட்டுமே கருவிகள் மறைவதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

தமிழ் கண்ட இடர்

இவ்வுண்மையைத் தமிழர் வேறொரு வழியில் உணர்ந்தனர். கணினியில் தமிழ் நுழைந்த காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டது. ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. ஏட்டுச் சுவடியைச் செல்லரித்தால் சில எழுத்துகளேனும் எஞ்சும். இங்கோ கோப்பு பழுதின்றி இருந்தும் ஓர் எழுத்தும் படிக்க இயலாத நிலை.

இதனைத் தீர்க்கவே 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடி ஆராய்ந்தன. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. எனினும் அது பரவ ஆண்டுகள் பல சென்றன. தமிழ்நாட்டரசு 2010-இல்தான் அதனை ஏற்றது. இடைக்காலத்தில் பழைய குறியேற்றங்களில் எழுதப்பெற்றவற்றுள் மாற்றியமைக்கப்பெற்றவையே இன்று எளிதில் படிக்கத்தக்கவை.

தேர்வுக்குரிய அளவுகோல்

ஆதலின் மென்பொருளைத் தேர்வோர் முதலில் கேட்கவேண்டிய வினா, 'இது என்னென்ன செய்யும்?' என்பதன்று, 'இதனை விட்டு நீங்கும் நாளில் எதனைக் கையோடு கொண்டு செல்லலாம்?' என்பதே. இவ்வினாவிற்கு விடை தரும் முயற்சிகளும் உள. ஆம்ஸ்டர்டாம் வானியலறிஞர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய 'ஆர்க்' முறையும், 2020-இல் வந்த 'அப்சிடியன்' மென்பொருளும் குறிப்புகளை வெற்றுரைக் கோப்புகளாகவே வைக்கின்றன. அம்மென்பொருள்கள் மறைந்தாலும் எளிய உரைத்திருத்தி ஒன்றே அவற்றைத் திறக்கும். நாட்காட்டிக்கு 1998-இல் வகுக்கப்பெற்ற 'ஐகேலண்டர்' என்னும் பொதுவடிவம் உண்டு. முகவரிகளுக்கு 'விகார்டு' உண்டு.

வெற்றுரை எல்லாவற்றிற்கும் ஏற்றதன்று. பலர் கூடி ஒரே ஆவணத்தைத் திருத்தவும், உரிய நேரத்தில் நினைவூட்டவும், படங்களுக்குள் இருக்கும் சொற்களைத் தேடவும் வேறு கருவிகள் சிறந்தவை. அவற்றைக் கொள்வதில் தவறில்லை. நாளைக்கு வேண்டியதை வசதி மிக்க கருவியிலும், வாழ்நாளுக்கு வேண்டியதைப் பொதுவடிவிலும் வைத்தல் அறிவுடைமையாகும். ஆண்டுக்கொரு முறை பத்துக் குறிப்புகளையேனும் வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து, எழுத்தும் இணைப்பும் தேதியும் பிழையின்றி வந்தனவா எனச் சோதித்தல் வேண்டும். வாராவிடின், குறிப்புகள் குறைவாக உள்ளபோதே இடம் மாறுவது நன்று. ஆயிரக்கணக்கில் பெருகிய பின் அது பெரும்பாடாகும்.