மகரக்கட்டுக்குப் பின்: பாலர் சபையும் ஔவை தி. க. சண்முகமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ் மேடையை ஆண்டவை ‘பாய்ஸ் கம்பெனி’ என மக்கள் வழங்கிய பாலர் சபைகளாகும். வயதுவந்த நடிகர்கள் பாடத்தை மீறித் தம் விருப்பம்போல் பேசியும் பாடியும் வந்த நிலையில், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சிறுவரைக் கொண்டு நாடகம் நடத்தும் எண்ணம் ஆசிரியர்களிடையே வலுப்பெற்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தமிழகத்து ஊர்களேயன்றி, தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகக் குடியேறிய கோலார் தங்கவயலும் இலங்கையும் நாடகக் குழுக்களின் பயண எல்லைக்குள் அடங்கின. எனினும் இச்சபைகள் விட்டுச்சென்ற ஆவணங்கள் மிகக் குறைவு. அவற்றில் வளர்ந்த சிறுவர்களின் நினைவுகளே நமக்கு வாய்த்த முதன்மைச் சான்றுகள்.

அத்தகைய சிறுவருள் ஒருவர் தி. க. சண்முகம். 1912இல் திருவனந்தபுரத்தில் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மகனாகப் பிறந்த இவர், ஆறாம் வயதில் தமையன்மாருடன் சுவாமிகளின் சபையில் சேர்ந்தார். இவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். இச்செய்தியைச் சுவாமிகளின் புலமைக்குச் சான்றாகவே பலரும் எடுத்தாள்வர். ஒரு சிறுவனின் குரலையும் உருவையும் அளவாகக்கொண்டு ஒரு நாடகமே உருவாயிற்று என்பதும் அதிலிருந்து புலனாகிறது. அக்குரல் மாறும்போது என்னாகும்?

பாலர் சபைகளில் இதனை ‘மகரக்கட்டு’ என்பர். பாட்டே நாடகமாக இருந்த காலத்தில், குரல் உடைந்த சிறுவன் நேற்றுவரை தாங்கிய வேடத்தை இன்று இழப்பான். சிலர் பக்கவேடங்களுக்கும் மேடைப் பின்புல வேலைகளுக்கும் மாறினர். பலர் சபையைவிட்டே நீங்கினர். கல்வியோ வேறு தொழிற்பயிற்சியோ பெறாதவர்க்கு அது எளிய மாற்றமன்று. சண்முகத்திற்கு இந்நிலை நேரவில்லை. 1925இல் அவர்தம் குடும்பத்தாரே ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். அவருடைய திறமையை ஐயுறவேண்டியதில்லை. ஆயினும் சபை சொந்தமாக இருந்தது என்பதும் அவருடைய நீண்ட கலைவாழ்வுக்குக் காரணம் என்றே கருதவேண்டியுள்ளது.

பின்னர் 1935இல் ‘மேனகா’ திரைப்படமாயிற்று. எனினும் அவரை நிலைநிறுத்தியது 1942இல் மேடையேறிய ‘ஔவையார்’. பெண்வேடத்தைச் சிறுவரே தாங்குவது பாலர் சபை மரபு. இங்கோ முப்பது வயது ஆடவர் மூதாட்டியாகிறார். மெல்லிய குரல் வேண்டப்படாத பெண்வேடம் இது. சபையில் பெற்ற பயிற்சி மகரக்கட்டைக் கடந்து பயன்பட்ட அரிய இடம் என இதனைக் கொள்ளலாம். ‘ஔவை’ அவர் பெயருக்கு அடைமொழியாயிற்று. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் திரைப்படத்தில் அவ்வேடத்தைப் பெண்ணான கே. பி. சுந்தராம்பாளே ஏற்றார், அதற்குள் பாலர் சபைகளின் காலமும் ஏறக்குறைய முடிந்திருந்தது.

பிற்காலத்தில் மேலவை உறுப்பினர் பதவியும் 1971இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. திரையில் குழந்தை நடிகராக அறிமுகமான கமல்ஹாசன் இவர்களது நாடகக் குழுவில் பயின்றவர். 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’ என்னும் படப்பெயர் அந்நன்றியின் அடையாளம். 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலாக வெளிவந்தது. மறு ஆண்டே சண்முகம் மறைந்தார்.

இந்நூலின்றிப் பாலர் சபை வரலாற்றை எழுதுதல் அரிது. ஆயின் இது நிலைத்து நின்ற ஒருவரின் பார்வை; ஆசிரியர்பால் கொண்ட பெரும்பற்று இதன் அடிநாதம். மகரக்கட்டோடு மேடையைவிட்டு நீங்கியவர்கள் நூல் எழுதவில்லை. அவர்களை அறிய, நாடகம் பார்த்த ஊர்களின் வாய்மொழி நினைவுகளையும் நாடவேண்டியுள்ளது. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பல குடும்பங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தன. எஞ்சியோருள் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். கொட்டகையில் அமர்ந்து நாடகம் பார்த்த தலைமுறையினர் இன்று மிகச் சிலரே.