நல்லூர் ஸ்டேஷனில் போட்ட கையெழுத்து

திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயிலேறினால் நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று வரிசையாக நிலையங்கள் வரும். இயக்குநர் ஹரி கச்சனாவிளைக்காரர். அவர் படங்களில் அரிவாள் வேகத்தில் வந்து விழும் பேச்சு இந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் கேட்கிற பேச்சுதான். 2010 மே 28 அன்று வெளியான ‘சிங்கம்’ இந்த மண்ணில்தான் முளைத்தது. சூர்யாவுக்கு அது 25ஆவது படம்.

படம் வந்தபோது காயல்பட்டினத்துக்காரர்கள் பஸ் ஏறித்தான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் தியேட்டர் கிடையாது. வேண்டாம் என்பது ஊர்க் கட்டுப்பாடு. விநியோகஸ்தர் கணக்கில் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்தது டி.கே. ஏரியா. அந்த ஏரியாவுக்குள் இருந்தும் படப்பெட்டி இறங்காத பெரிய ஊர் இது. திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சூர்யாவின் கர்ஜனையைத்தான் நடித்துக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் படத்தின் உயிர் வேறோரிடத்தில் இருப்பதாகவே எப்போதும் தோன்றும்.

கண்டிஷன் பெயிலில் வந்தவர்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஏட்டு கூப்பிட்டதும் உள்ளே போய், நோட்டில் தேதிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவார்கள். சொந்த ஊரில் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்த நோட்டுக்கு முன்னால் குனிந்துதான் ஆக வேண்டும். கதை இந்த ஒரு நடைமுறையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறது. சென்னையில் ஆள் கடத்திப் பணம் பறிக்கும் மயில்வாகனம், தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தனக்குப் பதில் வேறொருவனை அனுப்புகிறான். சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவனே வர வேண்டும் என்கிறான். வருகிறான். அங்கே பட்ட அவமானத்துக்குப் பழிவாங்கத்தான் துரைசிங்கத்தைச் சென்னைக்கு இழுக்கிறான். கத்தியும் துப்பாக்கியும் அப்புறம்தான். முதல் அடி விழுந்தது காகிதத்தில்.

அந்த நோட்டு மொழி மொழியாகப் போனது. தெலுங்கில் ‘யமுடு’ என்று டப் ஆனது. கன்னடத்தில் சுதீப் தானே இயக்கி நடித்து 2011 மார்ச்சில் ‘கெம்பே கௌடா’வாக்கினார். அங்கே வில்லனின் பெயர் ஆறுமுகம். ரவிசங்கரின் குரலில் அந்தப் பெயர் கர்நாடகத்தில் இன்றும் முழங்குகிறது. திருச்செந்தூர் முருகனின் பெயரை அந்த வில்லனுக்கு யார் வைத்தார்களோ, எனக்கு அது பிடித்தது. வங்காளத்தில் ஜீத் நடிக்க ‘ஷோத்ரு’. 2011 ஜூலையில் ரோஹித் ஷெட்டியின் இந்தி ‘சிங்கம்’ வந்தது. அஜய் தேவ்கன் பாஜிராவ் சிங்கமானார், நல்லூர் சிவ்கட் ஆனது, சென்னை கோவா ஆனது. வில்லனாக அங்கேயும் பிரகாஷ்ராஜ்தான் போய்க் கையெழுத்துப் போட்டார். 2019இல் பஞ்சாபியிலும் எடுத்தார்கள்.

துரைசிங்கத்தின் காதலி காவ்யாவும் கூடவே போனாள். கன்னடத்திலும் இந்தியிலும் நாயகியின் பெயர்கூட மாறவில்லை. இவளை வெறும் பாட்டுக்கு வந்தவள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சென்னையில் நாலாபுறமும் அடைபட்டு, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று துரைசிங்கம் தளரும்போது அவனை நிறுத்திவைப்பவள் இவள்தான். அந்தக் காதல் இல்லையென்றால் படம் இடைவேளையோடு நல்லூருக்குத் திரும்பியிருக்கும்.

தமிழில் 2013இலும் 2017இலும் தொடர்ச்சிகள் வந்தன. இரண்டாம் பாகம் தூத்துக்குடித் துறைமுகத்துக் கடத்தலைப் பேசியதால் எங்களுக்கு அது நெருக்கம். இந்தியிலோ சிங்கம் தனிக் குடித்தனம் போய்விட்டது. 2014, 2024 என்று புதுக் கதைகள். ‘சிம்பா’, ‘சூர்யவன்ஷி’ என்று உடன்பிறப்புகள். ‘சிங்கம் அகெய்ன்’ ராமாயணத்தை எடுத்துக்கொண்டு, கடத்தப்பட்ட மனைவியை மீட்க நாயகனை இலங்கைக்கே அனுப்பியது. காயல்பட்டினத்து மரக்கலங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த கரை அது.

படம் அவ்வளவு தூரம் வளர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஹெலிகாப்டரும் அரை டஜன் நட்சத்திரங்களும் வந்து நிறைந்த அந்தத் திரையில், வேறோர் ஆளை அனுப்பாதே, நீயே வந்து போடு என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை நகர்த்திவைக்க இடமில்லாமல் போயிற்று.